காலி இலைக்குக் காசு இல்லை!

குடியிலிருந்தும் லாகிரியிலிருந்தும் மனிதரை மீட்கும் சிகிச்சை நிலையங்களை ஒரு சின்ன ராஜ்யம் சீர்படுத்திய வரலாறு

ஒரு சத்திரம் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். தினமும் நூறு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காகச் சர்க்கார் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறது. சமையற்காரர் இருக்கிறார், பரிமாறுகிறவர் இருக்கிறார், கணக்குப் பிள்ளையும் இருக்கிறார். அரிசி வாங்கிய ரசீது, விறகு வாங்கிய ரசீது எல்லாம் வரிசையாகக் கோத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பந்தியில் விழுவது என்னவோ 54 இலைதான்! மீதி 46 இலைக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கிறது.

ஊரில் பசித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் ஏன் வரவில்லை, ஒரு நாள் வந்து சாப்பிட்டவர் மறுநாள் எங்கே போனார் என்று கேட்பவர்தான் யாரும் இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இலை விழுந்தாலும் விழாவிட்டாலும் பணம் வந்துவிடுகிறதே!

இது சத்திரத்துக் கதை அல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த டெலவேர் ராஜ்யத்தில், குடிப் பழக்கத்துக்கும் லாகிரி வஸ்துக்களுக்கும் அடிமைப்பட்டவர்களுக்கென்று சர்க்கார் பணத்தில் நடந்த சிகிச்சை நிலையங்களின் 2001-ம் ஆண்டு நிலைமை இது. வீட்டிலிருந்து வந்து போகிறவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இந்த நிலையங்களில் நூற்றுக்கு 54 இடங்களே சராசரியாக நிரம்பியிருந்தன. ஐந்தே ஆண்டுகளில், அதாவது 2006-ல், அது 95 ஆக உயர்ந்தது.

இந்த மாறுதல் எப்படி வந்தது? புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பணம் கொடுக்கும் முறையை மாற்றினார்கள். அவ்வளவுதான். கேட்பதற்கு இது கணக்கு இலாகாவின் சமாசாரம் போலத் தோன்றலாம். ஆனால் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவதும் அணைவதும் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

மூன்றே ஜில்லாக்கள்

டெலவேர் மிகச் சிறிய ராஜ்யம். அமெரிக்காவின் ஐம்பது ராஜ்யங்களில், பரப்பளவில் அதைவிடச் சிறியது ரோட் ஐலண்டு ஒன்றுதான். மொத்தம் மூன்றே ஜில்லாக்கள். 2000-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி எட்டு லட்சத்துக்கும் குறைவான மக்களே அங்கு வசித்தார்கள். ஆனால் 1787-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தை முதன் முதலில் ஏற்றுக் கொண்டது தாங்கள்தான் என்பதில் டெலவேர்வாசிகளுக்கு மிகுந்த பெருமை. 'முதல் ராஜ்யம்' என்றே தங்களை அழைத்துக் கொள்கிறார்கள். சிகிச்சை நிலையங்களின் விஷயத்திலும் அவர்கள் துணிந்து ஒரு புதிய அடி எடுத்து வைத்தார்கள்.

லாகிரிச் சிகிச்சைக்கும் மற்றச் சிகிச்சைகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காலை ஒடித்துக் கொண்டவனை ஆஸ்பத்திரிக்கு வா என்று யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. வலி அவனை இழுத்துக் கொண்டு வந்துவிடும். குடிகாரனின் நிலைமை அப்படி அல்ல. இன்று காலையில் 'இனிமேல் தொடமாட்டேன்' என்று மனைவி மீது ஆணையிடுவான். மாலையில் கை நடுங்கும்; மனம் மாறும். சிகிச்சைக்குப் போகலாம் என்று அவன் நினைக்கும் நேரம் மிகக் குறுகியது. அந்த நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும். 'மூன்று வாரம் கழித்து வா' என்றால் மூன்று வாரத்துக்குள் அந்த எண்ணமே மறைந்து போகலாம். சில சமயம் ஆளே மறைந்து போகலாம்.

ரசீதுக்குச் சம்பளம்

பழைய முறை என்ன? நிலையம் நடத்துகிறவர்கள் செலவுக் கணக்கைக் காட்டுவார்கள். ராஜ்ய சர்க்கார் அந்தச் செலவைக் கொடுத்துவிடும். ஆலோசகர்களின் சம்பளம், கட்டட வாடகை, விளக்குச் செலவு எல்லாம் அதில் அடக்கம். தணிக்கைக்கு வரும் அதிகாரி, ரசீது இருக்கிறதா, ஆலோசகருக்கு உரிய படிப்பு இருக்கிறதா, தஸ்தாவேஜுகள் பூர்த்தியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் நிலைத்தார்கள் என்பதற்கும் பணத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

இதற்காக நிலையத்தாரைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. எதற்குப் பணம் கிடைக்கிறதோ அதைத்தான் மனிதர்கள் கவனமாகச் செய்வார்கள். ரசீதுக்குப் பணம் என்றால் ரசீது பிரமாதமாக இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் ஏட்டில் நன்றாகத்தான் காய்த்திருந்தது. கறிக்குத்தான் அகப்படவில்லை!

இந்தத் தொழிலின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லாகிரிச் சிகிச்சை ஆராய்ச்சியில் புகழ் பெற்ற டாக்டர் தாமஸ் மக்லெல்லன் என்ற உளநூல் நிபுணரும் அவருடைய சகாக்களும் அமெரிக்கா முழுவதிலுமிருந்து 175 நிலையங்களைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தேர்ந்தெடுத்து 16 மாதங்களுக்குள் நூற்றுக்கு 15 நிலையங்கள் மூடப்பட்டுவிட்டன. அல்லது இந்தச் சிகிச்சையையே கைவிட்டுவிட்டன. மேலும் 29 சதவிகிதம் கை மாறிப் போயின. தலைமை அதிகாரிகளில் பாதிப் பேருக்கு மேல் அந்தப் பதவிக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. இப்படி ஆட்டம் கண்டிருக்கும் வீட்டில், 'நவீன முறைகளைக் கையாளுங்கள்' என்று புத்திமதி சொன்னால் எடுபடுமா?

தொண்ணூறு நாள் ரகசியம்

சரி, ரசீதுக்குப் பணம் வேண்டாம்; பின் எதற்குத்தான் கொடுப்பது? 'குணமானால் பணம்' என்று சொல்லிவிடலாமே என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். நியாயமான யோசனைதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

குடியும் லாகிரியும் ஜலதோஷம் போல வந்து போகிற நோய்கள் அல்ல. நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, ஆஸ்த்மா போல நெடுங்காலம் கூடவே இருந்து, அடங்கியும் மீண்டும் தலைதூக்கியும் ஆட்டி வைக்கும் நோய்கள். 2000-ம் ஆண்டில் மக்லெல்லனும் வேறு மூன்று நிபுணர்களும் எழுதிய ஒரு கட்டுரை இந்த ஒற்றுமையை விளக்கிக் காட்டியது. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை மறுபடி ஏறிவிட்டால், டாக்டர் தோற்றுவிட்டார் என்று யாரும் பீஸைத் திருப்பிக் கேட்பதில்லை. குடியை விட்டவன் ஆறு மாதம் கழித்து ஒரு நாள் சறுக்கினால் மட்டும் 'சிகிச்சை வீண்' என்று எப்படிச் சொல்வது? அவன் சறுக்குவதற்கு வேலை போனது காரணமாக இருக்கலாம். பழைய சிநேகிதன் காரணமாக இருக்கலாம். அவை நிலையத்தின் கையில் இல்லாத விஷயங்கள்.

ஆனால் நிலையத்தின் கையில் உள்ள விஷயம் ஒன்று உண்டு. வந்தவனைத் தொடர்ந்து வரச் செய்வது! அமெரிக்காவில் நடந்த விரிவான ஆராய்ச்சிகள் ஓர் உண்மையைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சிகிச்சையில் தொண்ணூறு நாளைக்குக் குறைவாக இருந்தவர்களுக்குக் கிடைக்கும் பலன் அற்பம். அதைத் தாண்டி நிலைத்தவர்களுக்குத்தான் கணிசமான பலன் கிடைக்கிறது. ஆகவே, நோயாளி வருகிறானா, தொடர்ந்து வருகிறானா என்று பார்ப்பது வெறும் தலை எண்ணிக்கை அல்ல. குணமாவதற்குரிய பாதையில் அவன் நிற்கிறானா என்று பார்ப்பதாகும். இதை வருகைப் பதிவேட்டிலேயே பார்த்துவிடலாம். இதற்காக எந்த நிபுணரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

புதிய ஒப்பந்தம்

இந்த உண்மையின் மீது கட்டியதுதான் டெலவேரின் புதிய ஒப்பந்தம். 2002-ம் நிதி ஆண்டில், வந்து போகும் நோயாளிகளுக்கான எல்லா நிலையங்களுக்கும் பழைய முறையை ரத்து செய்துவிட்டு இதைக் கொண்டு வந்தார்கள். இதன் ஷரத்துக்கள் சிக்கலானவை அல்ல.

முதலாவது: ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தனை பேர் என்று ஓர் அளவு உண்டு. அதில் குறிப்பிட்ட பங்கு இடங்கள் நிரம்பியிருந்தால்தான் முழுப் பணம். குறைந்தால் பணமும் குறையும். ஆரம்பத்தில் 80 சதவிகிதம் போதும் என்று வைத்து, பிறகு அதை 90 ஆக உயர்த்தினார்கள். காலி இலைக்குக் காசு இல்லை!

இரண்டாவது: வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனால் போதாது. சிகிச்சையில் தொடர்ந்து பங்கு கொள்ள வேண்டும். ஆரம்பக் கட்டத்தில் நோயாளி அடிக்கடி வர வேண்டும். நாளாக நாளாக அந்த எண்ணிக்கை குறையலாம். ஒவ்வொரு கட்டத்திலும் போதுமான பேர் இப்படித் தொடர்ந்து வந்தால், நிலையத்துக்கு அதிகப்படி பணம் உண்டு.

மூன்றாவது: சிகிச்சையை ஒழுங்காக முடித்து, குறிப்பிட்ட காலம் லாகிரியைத் தொடவில்லை என்று சிறுநீர்ச் சோதனையிலும் தேறியவர் ஒவ்வொருவருக்கும் நிலையத்துக்கு 100 டாலர் சன்மானம்.

இவற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரும் பணம் முழுவதும் நிலையத்தின் கைக்குள் அடங்கிய காரியங்களுக்கே வைக்கப்பட்டது. குணமானதற்கு வைத்தது ஒரு சிறு சன்மானம் மட்டுமே. அதாவது, உழவனிடம் 'உழுதாயா, விதைத்தாயா, நீர் பாய்ச்சினாயா' என்று கேட்டார்கள். மழை பெய்யாததற்கு அவனைத் தண்டிக்கவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. எந்த வழியில் செய்வது என்று சர்க்கார் கட்டளையிடவில்லை. 'இடம் நிரம்ப வேண்டும். வந்தவர் நிலைக்க வேண்டும். வழி உங்கள் இஷ்டம்' என்று விட்டுவிட்டார்கள். பல ஆண்டுகளாகத் தஸ்தாவேஜுகளோடு மல்லாடிக் கொண்டிருந்தவர்களுக்கு இந்தச் சுதந்திரமே ஒரு டானிக் போல இருந்திருக்க வேண்டும். நிலையத்தார் புதிய முறையை வரவேற்றார்கள் என்று மக்லெல்லன் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை கூறுகிறது.

நிலையங்கள் விழித்துக் கொண்டன

பணம் நோயாளியோடு வருகிறது என்று தெரிந்ததும் என்ன நடந்தது? நிலையங்கள் தங்களைத் தாங்களே நோயாளியின் கண்ணால் பார்க்கத் தொடங்கின.

வேலைக்குப் போகிறவன் பகலில் எப்படி வருவான்? ஆகவே நிலையம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார்கள். அழுது வடிந்து கொண்டிருந்த கட்டடத்தில் யாருக்கு உட்காரப் பிடிக்கும்? ஆகவே கட்டடத்தைச் சீர்படுத்தினார்கள். நோயாளிகளைத் தொடர்ந்து வரச் செய்யும் ஆலோசகர்களுக்குச் சம்பளத்தில் ஊக்கத் தொகை சேர்த்தார்கள்.

சிகிச்சை முறையிலும் மாறுதல் வந்தது. ஆராய்ச்சியில் தேறிய இரண்டு முறைகளை வெற்றி பெற்ற நிலையங்கள் கையாண்டன. ஒன்று, 1983-ல் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளநூல் பேராசிரியர் முதலில் விவரித்த உரையாடல் முறை. குடிப்பவனோடு வாதாடக் கூடாது. 'நீ செய்வது தப்பு' என்று பிரசங்கம் செய்யக் கூடாது. கேள்விகளாலேயே அவனைப் பேச வைத்து, குடியை ஏன் விட வேண்டும் என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பிறர் சொன்ன காரணத்தைவிடத் தான் சொன்ன காரணத்துக்கு மனிதன் அதிகம் கட்டுப்படுவான் அல்லவா? மற்றொன்று, எந்த எண்ணம், எந்த இடம், எந்தச் சகவாசம் தன்னைக் குடிக்கத் தூண்டுகிறது என்று நோயாளியே கண்டுபிடித்து, அதற்கு மாற்று வழிகளைப் பழகிக் கொள்ளும் முறை.

கவனியுங்கள்! 'இந்த முறைகளைக் கையாளுங்கள்' என்று ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகவே சொல்லி வந்தார்கள். அப்போது கேட்பவர் குறைவு. நோயாளி மறுநாளும் வந்தால்தான் பணம் என்றதும், மறுநாளும் வரவழைக்கக் கூடிய வித்தை எது என்று நிலையங்களே தேடிக் கண்டுபிடித்தன.

பலன் என்ன? நிரம்பிய இடங்கள் 54 சதவிகிதத்திலிருந்து 95 சதவிகிதமாக உயர்ந்ததை முன்பே சொன்னோம். ஒப்பந்தம் விதித்தபடி தொடர்ந்து வந்தவர்களின் விகிதம் அதே 2001-லிருந்து 2006-க்குள் 53-லிருந்து 70 ஆக உயர்ந்தது. எல்லோருமே வென்றுவிடவில்லை. ஒரு நிலையத்தால் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியவில்லை. மற்றவை நிறைவேற்றின.

வாசலில் நின்று பார்த்தால்...

டெலவேரில் ராஜ்ய சர்க்கார் மேலிருந்து செய்ததை, வேறு ஒரு முயற்சி கீழிருந்து செய்து காட்டியது. விஸ்கான்ஸின் பல்கலைக் கழகத்தில் டேவிட் குஸ்டாப்ஸன் என்ற பொறியியல் பேராசிரியர் இருந்தார். வேலைகள் எங்கே தேங்குகின்றன, ஏன் தேங்குகின்றன என்று ஆராய்வது அவருடைய துறை. 2003-ல் அவர் தலைமையில் லாகிரிச் சிகிச்சை நிலையங்களைச் சீர்படுத்த 'நியாடெக்ஸ்' என்ற கூட்டமைப்பு தொடங்கியது. ராபர்ட் வுட் ஜான்ஸன் அறநிதியும் அமெரிக்க மத்திய சர்க்காரும் பொருளுதவி செய்தன.

குஸ்டாப்ஸன் நிலைய அதிகாரிகளுக்கு முதலில் கொடுத்த வேலை விசித்திரமானது. 'நீங்களே நோயாளியாக நடித்து, உங்கள் நிலையத்தில் சேர முயன்று பாருங்கள்!' அதிகாரிகள் டெலிபோன் செய்து பார்த்தார்கள். பல இடங்களில் எடுப்பார் இல்லை. எடுத்தாலும், நாள் குறிப்பதற்கே நெடுநாள் காத்திருக்க வேண்டும். நேரில் போனால் சொன்ன விவரத்தையே திரும்பத் திரும்ப எழுதிக் கொடுக்கச் சொல்லும் படிவங்கள்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதைத் தங்கள் நிலையத்திலேயே அனுபவித்து அறிந்து கொண்டார்கள்.

அவர்கள் வைத்துக் கொண்ட குறிக்கோள் நான்கே. காத்திருக்கும் நாளைக் குறைப்பது, நாள் குறித்தும் வராமல் போகிறவர்களைக் குறைப்பது, சேருகிறவர்களைக் கூட்டுவது, சேர்ந்தவர்களை நிலைக்கச் செய்வது. ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாறுதலைச் சின்ன அளவில் செய்து பார்ப்பார்கள். பலித்தால் வைத்துக் கொள்வார்கள், பலிக்காவிட்டால் கைவிடுவார்கள்.

முதலில் சேர்ந்த நிலையங்களின் பலன் 2007-ல் வெளியாயிற்று. முதல் தொடர்பிலிருந்து சிகிச்சை ஆரம்பிக்கச் சராசரியாக 19.6 நாள் ஆகிக் கொண்டிருந்தது 12.4 நாளாகக் குறைந்தது. முதல் தடவை வந்தவர்களில் இரண்டாம் தடவையும் வந்தவர்கள் 72 சதவிகிதத்திலிருந்து 85 ஆக உயர்ந்தார்கள். ஏழு நாள் குறைந்தது ஒரு பெரிய சாதனையா என்று கேட்கலாம். இன்று குடிப்பதா வேண்டாமா என்று மணிக்கு மணி போராடுகிறவனுக்கு ஏழு நாள் என்பது ஏழு யுகம்!

முரட்டு நோயாளி எங்கே போனான்?

இதுவரை நல்ல பக்கத்தைப் பார்த்தோம். நாணயத்துக்கு மறு பக்கமும் உண்டு.

டெலவேருக்கு முன்பே, 1992-ல், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் ராஜ்யம் சிகிச்சை நிலையங்களின் வேலையை அளந்து பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தைக் கொண்டு வந்தது. ஆனால் மெய்ன் அளந்தவற்றில் முக்கியமானது, சிகிச்சை முடியும்போது நோயாளி எந்த நிலையில் இருக்கிறான் என்பது. குடியை விட்டானா, வேலைக்குப் போகிறானா என்பன போன்ற கேள்விகள். ஆரம்பத்தில் வந்த கணக்குகள் நம்பிக்கையூட்டின.

பிறகு யூஜிங் ஷென் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் வேறொரு கேள்வியைக் கேட்டார். 'சிகிச்சை நன்றாயிற்றா, அல்லது வருகிற நோயாளிகள் மாறிவிட்டார்களா?' 2003-ல் அவர் வெளியிட்ட முடிவு திடுக்கிட வைத்தது. ஒப்பந்தப் பணத்தில் சிகிச்சை பெற்றவர்களில், மிகவும் முற்றிய நிலையில் இருந்தவர்களின் பங்கு 7 சதவிகிதம் குறைந்திருந்தது. ஒப்பந்தத்துக்கு உட்படாத நோயாளிகளிடையே அப்படிக் குறையவில்லை. அதாவது, எளிதில் தேறக்கூடியவன் உள்ளே. தேறுவது கடினம் என்று தோன்றுகிறவன் வெளியே!

இது நமக்குப் புதிய விஷயம் அல்ல. தேர்ச்சி விகிதம் குறைந்துவிடக் கூடாது என்று, படிப்பு ஏறாத பையனைப் பரீட்சைக்கே அனுப்பாமல் நிறுத்திவிடும் பள்ளிக்கூடங்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டதில்லையா? விளம்பரத்தில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று பளபளக்கும். நிறுத்தப்பட்ட பையன் அந்தக் கணக்கில் வரமாட்டான்.

மெய்ன் கணக்குகளை ஆராய்ந்த வேறு சிலர், ஒவ்வொருவரையும் நோயின் கடுமைக்குத் தக்க இடத்துக்கு அனுப்பும் வழக்கம் ஒப்பந்தத்துக்குப் பிறகு மேம்பட்டது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையானால் நல்லதுதான். ஆனால் வெளியே அனுப்பப்பட்டவன் தக்க இடத்துக்குப் போய்ச் சேர்ந்தானா என்று பார்ப்பதும் சர்க்காரின் கடமையாகிவிடுகிறது. டெலவேரில் இந்த விஷயத்தையும் ஆராய்ந்து பார்த்தார்கள். அங்கு வந்த நோயாளிகளின் தன்மையில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்று தெரிந்தது. வருவதற்கும் நிலைப்பதற்கும் பணம் கொடுத்தபோது, முரட்டு நோயாளியைத் தள்ள வேண்டிய ஆசை அவ்வளவாக எழவில்லை போலும்!

இங்கிலாந்து படித்த பாடம்

இதே பாடத்தை இங்கிலாந்து இரண்டு தவணையாகப் படித்தது.

அங்கு 2001-ல் லாகிரிச் சிகிச்சைக்கென்று ஒரு தேசிய அமைப்பை ஏற்படுத்தினார்கள். சிகிச்சை பெறுவோர் தொகையை 2008-க்குள் இரு மடங்காக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தைக் குறைக்க வேண்டும். வந்தவர்கள் குறைந்தது 12 வாரம் நிலைக்க வேண்டும் என்று இலக்குகள் வைத்தார்கள். 2001-ல் ஒருவர் சராசரியாக ஒன்பது வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் அது மூன்று வாரத்துக்கும் கீழே இறங்கியது. இரு மடங்கு என்ற இலக்கைக் குறித்த காலத்துக்கு முன்பே எட்டினார்கள்.

பிறகு ஒரு கண்டனம் எழுந்தது. 'எல்லோரும் சிகிச்சையில் இருக்கிறார்கள், சரி. சிகிச்சையை முடித்து விடுதலை பெற்று வெளியே வருகிறவர்கள் எத்தனை பேர்?' நியாயமான கேள்வி. அதற்கு விடையாக 2012-ல் எட்டுப் பகுதிகளில், குணமான பலனைப் பார்த்துப் பணம் கொடுக்கும் முறையைச் சோதனையாகத் தொடங்கினார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டபோது, சிகிச்சையை வெற்றிகரமாக முடித்தவர்களின் விகிதம் இந்த எட்டுப் பகுதிகளில் பின்தங்கியது என்று 2015-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

பலனைக் கேட்பது தவறல்ல. ஆனால் நாளைக்குக் கிடைக்கப் போகும் பலனுக்கு, இன்று அரிசி வாங்கப் பணமில்லாத நிலையத்தைப் பொறுப்பாக்கினால், அது நோயாளியைப் பார்ப்பதா, தன் வயிற்றைப் பார்ப்பதா?

எதை அளப்பது?

இத்தனை அனுபவங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் சில உண்மைகள் தெளிவாகின்றன.

அளக்காமல் பணம் கொடுப்பது தர்மம் போலத் தோன்றும். ஆனால் அது நோயாளிக்குச் செய்யும் தர்மம் அல்ல. காலி நாற்காலிக்குச் செய்யும் தர்மம். ஆகவே அளக்கத்தான் வேண்டும்.

அளப்பதை, வேலை செய்கிறவரின் கைக்குள் அடங்கிய காரியங்களில் அளக்க வேண்டும். கதவு திறந்திருந்ததா? டெலிபோனை எடுத்தார்களா? வந்தவன் மறுபடி வந்தானா? வராதபோது கூப்பிட்டு விசாரித்தார்களா? இவற்றுக்குப் பதில் சொல்ல ஆலோசகரால் முடியும்.

அளவை ஒரேயடியாக உயர்த்திவிடாமல் படிப்படியாக உயர்த்த வேண்டும். கணக்கு எழுதுகிறவரும் அந்தக் கணக்கினால் பணம் பெறுகிறவரும் ஒருவரே ஆனால், நடுநிலையான ஒருவர் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே வந்தவர்களை எண்ணும் அதே நேரத்தில், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் எண்ண வேண்டும். வேலையும் வீடும் போய், உடம்பும் போய், நாலு தடவை சிகிச்சைக்கு வந்து நாலு தடவையும் ஓடிப் போனவன் யாருடைய கணக்குக்கும் அழகு சேர்க்க மாட்டான். ஆனால் அந்தச் சத்திரம் கட்டப்பட்டதே அவனுக்காகத்தான்.

ஐந்தாம் தடவையாக அவன் படியேறும்போது, நிலையத்தார் முகம் சுளிக்காமல் 'உட்காருங்கள்' என்று சொல்வார்களானால், அந்த ஒப்பந்தத்தை எழுதியவர் கெட்டிக்காரர் என்று அர்த்தம். அவனைக் கண்டதும் 'இடமில்லை' என்று சொன்னால், கணக்கில் எத்தனை சதவிகிதம் ஏறியிருந்தாலும், அளவுகோலை எடுத்து இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டியதுதான்!